நாலாவது ஜன்னலின் திராட்சைக் குலை

நான் பிரான்சுக்குப் போனதில்லை. பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். அதில் இதுவரை ஒருவரும் முத்திரை குத்தவில்லை. ஆனாலும் அந்த நாட்டில், ஆற்றோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டின் முகப்பு எனக்கு அத்துப்படி. எந்தக் கல்லில் எங்கே மூளி, எந்த ஜன்னல் கதவில் எந்தச் சட்டம் உடைந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் எத்தனை படி என்று என் கணவர் ஒருநாள் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்று என்றேன். நாலாம்.

எங்கள் ஆபீஸ் காக்ஸ் டவுனில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. ஆறு பேர் வேலை செய்கிறோம். வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட்டுகள் பழைய கட்டடங்களைப் படமெடுத்து, அளவெடுத்து அனுப்புவார்கள். அதை நாங்கள் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கித் திருப்பி அனுப்புவோம். நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவள். என் சர்டிஃபிகேட்டில் நான் இன்றைக்கும் மேன்தான். கல்யாணத்துக்கு முன்னால் தங்கச் சுரங்க ஊரான தங்கவயலிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தேன். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறினால், இங்கே ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஒரு தூக்கமும் ஒரு சண்டையும் முடிந்திருக்கும். என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கதவில் எழுதிய நம்பர் ஒன்றைத் தவிர ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அதனால் ஒரு வீட்டு முகப்பில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களைக் காப்பாற்றுவதற்கு ஒரு சட்டம், ஒரு ஆபீஸ், அந்த ஆபீசுக்கு ஒரு அதிகாரி என்று மேடம் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை.

மேடம் என்பவர் எங்கள் முதலாளி. கன்னடக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்; கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். அவர்தான் விளக்கினார். அந்த வீட்டுக்கு இருநூறு வயதுக்கு மேலாகிறது. வீட்டுக்காரர் குளிர் தாங்காமல் ஜன்னல்களை மாற்றி இரட்டைக் கண்ணாடி போட நினைக்கிறார், கூடவே கல்சுவரையும் கழுவ நினைக்கிறார். ஆனால் அந்த ஊரின் பாரம்பரியக் கட்டட அலுவலகம், முதலில் முகப்பில் என்னென்ன இருக்கிறது என்று வரைந்து காட்டு என்கிறது. தொடக்கூடாதவை சிவப்புக் கோடு. மாற்றிக்கொள்ளக்கூடியவை பச்சைக் கோடு.

சிவப்பில் போக வேண்டியவை நிறைய இருந்தன. முதல் மாடியில் ஐந்து ஜன்னல்கள். ஒவ்வொன்றின் வளைவுக்கும் உச்சியில் இருக்கும் கல்லில் ஒரு முகம் செதுக்கியிருந்தார்கள். முதல் முகம் ஒரு பெண். இரண்டாவது, கன்னத்தை உப்பிக் காற்று ஊதும் ஆள். மூன்றாவது, எதையோ பார்த்துச் சிரிக்கும் கிழவர். நாலாவது, தலைமுடி முழுக்கத் திராட்சைக் கொத்தும் இலையுமாக ஒருவர்; பார்த்தாலே குடித்திருப்பது தெரியும். ஐந்தாவதன் மூக்கு எப்போதோ உடைந்துபோயிருந்தது. அப்புறம் இரும்புப் பூவேலை செய்த பால்கனி, மரக் கதவுகள், சிங்க முகம் வைத்த, கதவைத் தட்டும் வளையம்.

நான் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். அனுப்பிய மறுநாள் அந்த ஊர் ஆர்க்கிடெக்ட் அம்மா வீடியோவில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் பழக்கம் அவருக்கு. ஆங்கிலத்தை எங்களுக்காக நிதானமாகப் பேசுவார்.

“ரொம்ப அழகான வீடு,” என்றார். “என் கிளையண்ட்டின் வீட்டை எப்போது அனுப்புவீர்கள்?”

எனக்குப் புரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். தொய்ந்திருந்த பால்கனியை நான் நேராக்கியிருந்தேன். ஜன்னல் கதவில் இல்லாத இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாவது முகத்துக்கு மூக்கு வைத்திருந்தேன். இரண்டாவது முகத்தின் மூக்கைக் காப்பி எடுத்து ஒட்டியதுதான், பொருத்தமாகவே இருந்தது.

“இருநூறு வருஷமாக யாரும் செய்யாத ரிப்பேரை உட்கார்ந்த இடத்திலிருந்து செய்துவிட்டீர்கள்,” என்றார். “இருப்பதை மட்டும் வரையுங்கள். கோணலாக இருந்தால் கோணலாகவே.”

ஐ.டி.ஐ.யில் கோடு அரை மில்லிமீட்டர் விலகினால் தாளைக் கிழித்துப் போடும் வாத்தியாரிடம் படித்தவள் நான். எனக்கு இது பெரிய அடி. அன்று சபதம் எடுத்துக்கொண்டேன். இனி அந்தச் சுவரில் ஒரு கீறலைக்கூட விடுவதில்லை. பாசி இருந்தால் பாசி, ஆணி இருந்தால் ஆணி.

அப்படி ஒன்றுவிடாமல் வரையும்போதுதான் வாசற்கதவுக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி, சுவரில் ஒரு சின்ன மாடமும் அதில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையும் இருப்பதைப் பார்த்தேன். அது என்னவென்று தெரியாமல் பெயர் எழுத முடியாது. சைக்கிள் ஸ்டாண்டு என்றார் மேடம். ஆடு கட்டுவதற்கு என்றேன் நான். பக்கத்து மேஜைக்காரர் குடை வைக்க என்றார். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். அவர் கட்டட மேஸ்திரி. பத்து பன்னிரண்டு ஆட்களை வைத்து வீடு கட்டிக் கொடுப்பவர்.

“இது இன்னான்னு தெரியுதாங்க?”

அவர் ரசம் ஊற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். “செருப்புல ஒட்டிக்கிற சேத்த வழிக்கிறது. சைட்ல நாங்க கம்பிய மடக்கி நட்டு வெப்போம்ல, அதான்.”

மறுநாள் ஆர்க்கிடெக்ட் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அதேதான். அந்தக் காலத்துத் தெருவெல்லாம் சேறாம்.

என் கணவர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வாரமே, வீட்டில் நான் முகங்களை வரைந்துகொண்டிருப்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “திருஷ்டி பொம்மை நல்லா கீது” என்றார்.

“திருஷ்டி பொம்மையா? இது சிற்பம். கலை.”

“நாங்க வீடு கட்டும்போது பூசணிக்காயில மூஞ்சி எழுதி மாட்டறோம். அவங்க கல்லுல செஞ்சு வெச்சிக்கினாங்க. மழையில கரையாது பாரு.”

என் கணவர் இப்படிச் சொல்கிறார் என்று இதையும் நான் ஆர்க்கிடெக்ட் அம்மாவிடம் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவரோ, கெட்டதை விரட்டத்தான் இந்த முகங்கள் வந்தன என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு, உங்கள் கணவர் என்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தார். ஒன்பதாவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டடத் துறை என்றேன்.

இரண்டு முறை சரியாகச் சொன்ன கணவருக்கு மூன்றாவது முறையும் விட்டுக்கொடுக்க எந்த மனைவிக்கும் மனம் வராது. அதனால் வந்ததுதான் மீதிக் கதை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நாலாவது முகத்தை வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் குடிகாரரின் தலைக்கு மேல் ஒரு கல்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புக்கும் அவருடைய இடது காதுக்கும் நடுவில் திரையில் கொழுக்கட்டை அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. சாம்பல் நிறம். தலை முழுக்கத் திராட்சை வைத்திருப்பவர் காதோரம் இன்னும் ஒரு குலை வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒவ்வொரு உருண்டையாக வரைய ஆரம்பித்தேன். பாதி வரைந்திருந்தபோது என் கணவர் டீ டம்ளரோடு வந்தார்.

“இது இன்னா?”

“திராட்சைக் குலை.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது கல்லு இல்ல. மண்ணு.”

“மண்ணா? அவ்ளோ பெரிய சிற்பி, கல்லுல தலைய செதுக்கிட்டு காதுல மண்ண அப்புவாரா?”

“சிற்பி அப்பல. குளவிக் கூடா இருக்கும். நெறம் பாரு, மொகம் ஒரு நெறம், இது ஒரு நெறம்.”

“நெழல்ல இருக்குது, அதான் நெறம் வேற.”

“சரி,” என்றார்.

இந்த ‘சரி’ இருக்கிறதே, இது அவர் வேலை ஆட்களிடம் சொல்லும் ‘சரி’. சொல்லிவிட்டு, சுவர் தானாக விழும்வரை காத்திருப்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. “நீங்க பிரெஞ்சு வீட்ட நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன். நானும் பார்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் டீயை முடித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் குலைக்காக ஒன்றரை நாள் செலவழித்தேன். ஒவ்வொரு திராட்சைக்கும் நிழல் கொடுத்தேன். பட்டியலில் பதினாலாம் உருப்படி: திராட்சைக் குலை, சுண்ணாம்புக் கல், செதுக்கு வேலை, பாதுகாக்கப்பட வேண்டியது. சிவப்புக் கோடு. ஆர்க்கிடெக்ட் அம்மா பார்த்து, இந்த முறை உண்மையான வீடு வந்துவிட்டது என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஊர் அலுவலகமும் ஒத்துக்கொண்டு முத்திரை போட்டது. முத்திரையோடு வந்த பிரதியை மேடம் சுவரில் ஒட்டினார். நான் வீட்டில் அதைப் பற்றி இரண்டு தடவை பேசினேன். அவர் இரண்டு தடவையும் ‘சரி’ என்றார்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன், மேடத்தின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. ஆர்க்கிடெக்ட் அம்மா தெருவில் நின்றிருந்தார். பின்னால் அந்த வீடு. நாங்கள் அதை அசையாத படமாகவே பார்த்துப் பழகியவர்கள். அன்று ஒரு ஜன்னலில் திரைச்சீலை ஆடியது.

“அடுத்த வாரம் சாரம் கட்டுகிறார்கள்,” என்றார் அவர். “அதற்கு முன்னால் பதினாலாம் உருப்படியை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.”

போனை உயர்த்திப் பிடித்தார். குடிகாரரின் முகம் தெரிந்தது. காதோரம் என் திராட்சைக் குலை. நான் வரைந்த மாதிரியே அச்சு அசலாக இருந்தது. நான் மேடத்தைப் பெருமையோடு பார்த்தேன். அப்போது குலையின் மேல் பக்கம் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து கறுப்புத் தலையும் வெள்ளைத் தொண்டையுமாக ஒரு குருவி எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, விருட்டென்று பறந்து போய்விட்டது. அது போன கையோடு இன்னொரு தலை எட்டிப் பார்த்தது.

பேக்கரியில் கீழே யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

“உங்கள் திராட்சைகளுக்குப் பசிக்கிறது,” என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா.

அது தகைவிலான் குருவி ஜாதி. வாயில் ஈரமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கொண்டுவந்து ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். குளிர்காலத்தில் தெற்கே போய்விடும். படமெடுத்தது குளிர்காலத்தில், அப்போது கூடு காலியாக இருந்திருக்கிறது.

மேடம் கன்னடத்துக்குப் போனார். “ஏனம்மா இது?” என்று ஆரம்பித்து, அப்புறம் பேச்சு வராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணுக்கு அந்த முத்திரைதான் தெரிந்தது. ஒரு தேசத்தின் அரசாங்க அலுவலகத்தை, குருவிக் கூட்டைக் கல்சிற்பம் என்று சான்று கொடுக்க வைத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அன்று சாயங்காலமே மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. அதில் என் ஐ.டி.ஐ. மதிப்பெண்கூட இருந்தது. மேடம் படித்துப் பார்த்து மூன்று வரியாகக் குறைத்தார்.

ஆர்க்கிடெக்ட் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. அந்த ஜன்னலுக்குக் கீழே நான் நாலு தடவை போயிருக்கிறேன், நீங்கள் திராட்சை என்று வரைந்திருந்ததால் நானும் அண்ணாந்து பார்த்துத் திராட்சை என்றே நினைத்தேன் என்று எழுதியிருந்தார். அலுவலகத்து அதிகாரி விஷயத்தைக் கேட்டு முதலில் கோபப்பட்டாராம். பிறகு வேறொரு சட்டத்தைத் தேடி எடுத்தாராம். அந்த நாட்டில் இந்தக் குருவிகளின் கூட்டையும் தொடக்கூடாது. அதற்குத் தனியாகப் பாதுகாப்பு உண்டு. ஆகவே சிவப்புக் கோடு அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். நாலாவது ஜன்னல் வேலை மட்டும் குருவிகள் கிளம்பிப் போகும்வரை, செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதுவரை அந்தப் பக்கம் சாரமும் கட்டக் கூடாது.

பதினாலாம் உருப்படியில் ‘திராட்சைக் குலை, சுண்ணாம்புக் கல்’ என்பதை அழித்து, ‘குருவிக் கூடு, மண்’ என்று எழுதினேன். மண் என்ற சொல்லைப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது.

இதை வீட்டில் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். பத்தாம் நாள் ஆபீஸ் பாத்ரூம் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று மேடம் என் கணவரைக் கூப்பிட்டனுப்பினார். எனக்குத் தெரியாது. நான் டீ குடித்துவிட்டு மேலே வரும்போது அவர் ஏணியில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே மேடம் ஏணியைப் பிடித்தபடி, குருவி எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது என்பதுவரை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “பைப்புல லீக்கு இல்ல மேடம்,” என்றார். “வெளிய பூச்சு விட்டுக்கினு கீது. ரெண்டு நாள் வேல.”

வீட்டுக்குச் சேர்ந்தேதான் நடந்து வந்தோம். ரயில்வே கேட்டில் ரயில் போவதற்காக நின்றபோது, “சொல்லியிருக்கலாமே” என்றார்.

“குளவின்னுதான நீங்க சொன்னீங்க. குருவி வேற, குளவி வேற.”

“மண்ணுன்னு சொன்னேன்.”

நான் ரயில் முழுக்கப் போகும்வரை பெட்டிகளை எண்ணினேன். பிறகு, “மண்ணுன்னு சொன்னீங்க” என்றேன்.

அவ்வளவுதான் நான் இறங்கி வந்தது. அவர் அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை வாங்கும்போது, ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “அண்ணே, இது உள்ள ஏதாவது குடியிருக்குதா?” என்று பழக்காரரைக் கேட்டார். பழக்காரர் திருதிருவென்று விழித்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், என் வேலையைப் பற்றிப் பேச்சை எடுப்பார். “பாரின் குருவிக்கெல்லாம் இவதான் ப்ளான் போட்டுத் தர்றா” என்பார். நான் அடுக்களையிலிருந்தே கரண்டியைச் சத்தமாக வைப்பேன். இதெல்லாம் இரண்டு மாதம் ஓடியது. இதில் ஒரு விஷயம் நடந்தது: அதற்குமுன் என் வேலையைக் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிவந்தவர், இப்போது யார் கேட்டாலும் ஐந்து முகங்களையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். மூன்றாவது கிழவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவரிடம் ஒரு கதைகூட இருந்தது. அது விருந்தாளிகளுக்கு ஏற்ற மாதிரி மாறும்.

அக்டோபரில் வேலை முடிந்ததாகத் தகவல் வந்தது. கழுவிய சுவர் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. கூட்டை மட்டும் சுற்றி ஒரு சாண் அழுக்கோடு விட்டுவைத்திருந்தார்கள்.

அதன் பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு மெயில் மேடத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அதுவரை எங்களுக்கு அவரைத் தெரியாது. கிளையண்ட் என்ற சொல்தான் தெரியும். திருத்திய வரைபடம் தன்னிடம் இருக்கிறது என்றும், திருத்துவதற்கு முந்தையதன், அதாவது திராட்சைக் குலை என்று எழுதியிருப்பதன், பெரிய பிரதி ஒன்று தனக்குக் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். சாப்பாட்டு அறையில் மாட்ட வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறாராம். ஒவ்வொரு வசந்த காலத்திலும் குருவி சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்.

நல்ல தாளில் பிரதி எடுத்தோம். உருட்டிக் குழாயில் போடுவதற்கு முன், ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் கணவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதைக் கட்டில்மேல் விரித்து முழுக்கப் பார்த்தார். அவர் அதைப் போனிலும் லேப்டாப்பிலும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தார். நாலாவது ஜன்னலிடம் வந்து குனிந்தார். நான் தயாராக இருந்தேன்.

“ஒவ்வொன்னுத்துக்கும் நெழல் போட்டுக்கிற,” என்றார். “எவ்ளோ நேரம் ஆச்சு?”

“ஒன்றர நாள்.”

“ஷோக்கா கீது,” என்றார். இதில் கிண்டல் எங்கே என்று நான் கொஞ்ச நேரம் தேடினேன்.

மறுநாள் போஸ்ட் ஆபீசில் கவுண்டரில் இருந்த அம்மா குழாயைக் கையில் வாங்கி எடை போட்டார். “ஒளகே ஏனிதே?” என்றார்; உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். வீட்டுப் படம் என்றேன். டாக்குமென்ட்டா, கிஃப்ட்டா என்று அடுத்த கேள்வி. டாக்குமென்ட் என்றால் உள்ளே இருப்பது சரியான விவரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“கிஃப்ட்,” என்றேன்.

இருபது நாள் கழித்துச் சேர்ந்துவிட்டதாக இரண்டு வரி மெயில் வந்தது. சாப்பாட்டு அறைச் சுவர் நேராக இல்லையாம். எப்படி மாட்டினாலும் படம் ஒரு பக்கம் சாய்ந்தே தெரிகிறதாம்.